மாயக் கணினியும் மெய்க் கருவியும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் படப்பை என்னும் ஊர் இருக்கிறது. முன்னாளில் அதனைச் சுற்றி வயல்களும் ஏரிகளுமே மிகுதி. இன்றோ, அதற்கு மேற்கே ஒரகடமும், அப்பால் ஸ்ரீபெரும்புதூரும் தொழிற்சாலைகளின் ஊர்களாகிவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸ்ஸான் கூட்டு ஆலையும், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் எழுந்தன. இத்தகைய பேராலைகளை நம்பி, தகடு வெட்டியும் துளையிட்டும் கடைந்தும் தரும் சிறு பட்டறைகள் பல அவ்வட்டாரத்தில் வாழ்கின்றன.

மாணவ நண்பர்களே, அப்படிப்பட்ட பட்டறை ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே தகடுகளை அழுத்தி வளைக்கும் யந்திரம் ஒன்று இருக்கிறது. வாங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. இரும்புக்கு முதுமை எளிதில் வருவதில்லை. யந்திரம் நன்றாகவே உழைக்கிறது. எப்போது அழுத்த வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அதற்கு ஆணையிடுவது, தொழிலாளர்கள் 'பி.எல்.சி.' என்று சொல்லும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஆணைத் தொடரை மாற்ற வேண்டுமானால், ஒரு கணினியைக் கம்பியால் அதனுடன் இணைத்து, அதற்கென்றே செய்யப்பட்ட மென்பொருளைக் கொண்டு மாற்ற வேண்டும்.

இங்கேதான் சங்கடம். அந்த மென்பொருள் 'விண்டோஸ் எக்ஸ்.பி.' என்னும் இயங்குதளத்தில் மட்டுமே ஓடும். அவ்வியங்குதளம் 2001-ஆம் ஆண்டு வெளிவந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு அதற்குரிய பராமரிப்பை அதை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திவிட்டது. பட்டறையின் பழைய கணினி ஒருநாள் எரிந்துபோகிறது. கடையில் கிடைக்கும் புதிய கணினியோ பழைய மென்பொருளை ஏற்க மறுக்கிறது. நல்ல நிலையிலுள்ள யந்திரம், தன்னோடு பேசுவார் இல்லாமையால் ஊமையாகி நிற்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கச் சிறு முதலாளிக்குப் பொருள்வளம் இல்லை. என்ன செய்வது?

இதற்கு இன்றைய விஞ்ஞானம் ஒரு வழி கண்டிருக்கிறது. புதிய கணினிக்குள்ளேயே பழைய கணினி ஒன்றைப் படைத்து வாழச் செய்வதும், வெளியுலகிலுள்ள உண்மையான கம்பியை அதன் கையில் கொடுப்பதுமே அவ்வழி. முதற்பகுதியை 'மெய்நிகர்க் கணினி' என்பார்கள். இரண்டாம் பகுதி, யூ.எஸ்.பி. கருவியை அதனிடம் 'கடத்திக் கொடுத்தல்'. இவ்விரண்டும் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதையே இன்று சிறிது ஆராய்வோம்.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியா என்று நீங்கள் வியக்கலாம். எண்ணம் புதிதன்று. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலிருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தார், ஒரே பெருங்கணினியைப் பல கணினிகள்போலத் தோன்றச் செய்து 1967-ஆம் ஆண்டிலேயே பயன்படுத்தினார்கள். கணினி அப்போது அறை நிறைய நின்ற பெரும்பொருள். அதன் விலையும் அவ்வாறே. ஆகவே பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் தமக்கே ஒரு கணினி இருப்பதாக எண்ணி வேலை செய்தனர். 1972-இல் ஐ.பி.எம். இம்முறையை உலகுக்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேசைக் கணினிக்கு 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம் இவ்வித்தையைக் கொண்டுவந்தது. 2005-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, இதற்கெனத் தனி வசதி கொண்ட செயலிச் சில்லுகளும் வரத் தொடங்கின. இன்று மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியிலேயே இரண்டு மூன்று கணினிகளை ஓட்டிப் பார்க்கலாம். அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வெளியே இருக்கும் உண்மைக் கணினியை ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட்' என்றும், உள்ளே படைக்கப்படுவதைக் 'கெஸ்ட்' என்றும் அழைக்கிறார்கள். விருந்தோம்பி, விருந்தாளி என்று நாம் கூறலாம். விருந்தாளியின் நிலை விசித்திரமானது. அதற்கு வட்டு ஒன்று இருப்பதாக அது நம்புகிறது. உண்மையில் அது விருந்தோம்பியின் வட்டில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. அதற்குத் திரை ஒன்று இருக்கிறது. உண்மையில் அது விருந்தோம்பியின் திரையிலுள்ள ஒரு சிறு சாளரம். அதற்கு வலையிணைப்பு அட்டை ஒன்று இருக்கிறது. அத்தகைய அட்டை அங்கே எங்கும் இல்லை. இருப்பதுபோல் ஒரு நிரல் நடிக்கிறது.

நாடக மேடையை நினைத்துப் பாருங்கள். பின்னால் தொங்கும் திரைச்சீலையில் அரண்மனையும் நந்தவனமும் கிணறும் எழுதியிருப்பார்கள். நடிகருக்கும் நமக்கும் அது போதும். நாடகம் தடையின்றி நடக்கும். ஆனால், மேடையில் ஒருவர் மெய்யாகவே தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வந்துவிட்டால், எழுதிய கிணறு உதவாது. உண்மையான செம்பில் உண்மையான தண்ணீரை மேடைக்குள் கொண்டுவந்தாக வேண்டும். நம் பட்டறையின் நிலையும் இதுவே. எக்ஸ்.பி. என்னும் பழைய இயங்குதளத்தைப் புதிய கணினிக்குள் விருந்தாளியாக அமர்த்திவிட்டோம். மென்பொருளும் அதில் ஓடுகிறது. ஆனால், தகடு அழுத்தும் யந்திரம் எழுதிய கிணறு அன்று, அது இரும்பாலானது, வெளியே நிற்கிறது. அதனோடு பேசும் கம்பியும் மெய்யானது. அந்தக் கம்பியை மாயக் கணினிக்குள் எப்படிக் கொண்டுபோவது?

அதை அறிய, முதலில் யூ.எஸ்.பி. என்பது யாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முற்காலக் கணினியின் முதுகில் பலவகைச் செருகுவாய்கள் இருந்தன. விசைப்பலகைக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று. ஒன்றின் முளை மற்றொன்றில் பொருந்தாது. இந்தக் குழப்பத்தை நீக்க, அமெரிக்க நிறுவனங்கள் சிலவும் பிறநாட்டு நிறுவனங்களும் கூடிப் பொதுவான செருகுவாய் ஒன்றை வகுத்தன. அதன் முதல் நெறிமுறை 1996 ஜனவரியில் வெளியாயிற்று. இம்முயற்சியில் முன்னின்ற இன்டெல் நிறுவனப் பொறியாளர் அஜய் பட் நம் நாட்டவர், வடோதராவில் பயின்றவர்.  முதலில் ஒரு விநாடிக்கு 120 லட்சம் பிட்டுகளே ஓடிய அக்கம்பியில், 2000-ஆம் ஆண்டின் இரண்டாம் நெறிமுறையால் 48 கோடியும், 2008-இன் மூன்றாம் நெறிமுறையால் 500 கோடியும் ஓடலாயின.

யூ.எஸ்.பி.யில் ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு. கணினியே தலைவன், கருவிகள் யாவும் பணியாளர்கள். தலைவன் கேட்டாலன்றிக் கருவி தானாக வாய் திறப்பதில்லை. நீங்கள் சுட்டியை நகர்த்தும்போது, அது ஓடிவந்து செய்தி சொல்வதாக நினைக்கிறோம். உண்மையில், 'ஏதேனும் உண்டா, ஏதேனும் உண்டா' என்று கணினிதான் இடைவிடாது கேட்டுக்கொண்டிருக்கிறது. செய்தி இல்லாதபோது 'இப்போது இல்லை' என்று கருவி விடையிறுக்கிறது. வகுப்பில் ஆசிரியர் பெயரைச் சொல்லி அழைத்த பின்னரே மாணவர் எழுந்து விடை சொல்வதைப் போன்றது இது.

புதிய கருவி ஒன்றைச் செருகியவுடன் நிகழ்வது என்ன? கருவிக்குள்ளிருக்கும் சிறு மின்தடை ஒன்று கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று கணினி அதனால் அறிகிறது. வந்தவருக்கு இன்னும் முகவரி இல்லை. ஆதலால் சுழி என்னும் பொது முகவரியில் அழைத்து, 'நீ யார்?' என்று வினவுகிறது. கருவி 18 பைட்டு நீளமுள்ள ஓர் அறிமுகச் சீட்டை நீட்டுகிறது. தன்னைச் செய்த நிறுவனத்தின் எண், தன் வகையின் எண் ஆகிய இரண்டும் அச்சீட்டில் இருக்கும். பின்னர் 1 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்றைக் கணினி அதற்கு முகவரியாகத் தருகிறது. அந்த அறிமுகத்தைப் பார்த்து, இயங்குதளத்திலுள்ள தக்க இயக்கி நிரல் ஒன்று, 'இந்தக் கருவி என் பொறுப்பு' என்று அதனை ஏற்றுக்கொள்கிறது. ஒரு கருவிக்கு இரண்டு தலைவர்கள் இருக்க முடியாது. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி, கடத்திக் கொடுத்தலுக்கு வருவோம். ஒரு வீட்டின் உட்கட்டில் குடித்தனக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். தெருவாசல் ஒன்றே; அது வீட்டுக்காரர் பக்கம் இருக்கிறது. வருகிறவர் யாராயினும் வீட்டுக்காரர்தான் முதலில் எதிர்கொள்வார்; 'வாருங்கள், என்ன செய்தி?' என்று விசாரிப்பார். உட்கட்டுக்காரரைப் பார்க்க வந்தவராயின், வீட்டுக்காரர் தம் விசாரணையை நிறுத்திக்கொண்டு அவரை நேரே உள்ளே அனுப்ப வேண்டும். விருந்தோம்பிக் கணினியும் அவ்வாறே செய்கிறது. குறிப்பிட்ட கருவியைத் தன் இயக்கியின் பிடியிலிருந்து விடுவிக்கிறது. மெய்நிகர்க் கணினியை நடத்தும் மென்பொருள் அக்கருவியைத் தன்வசம் எடுத்துக்கொள்கிறது. பிறகு, விருந்தாளிக்குள்ளிருக்கும் மாயச் செருகுவாயில் புதிய கருவி ஒன்று செருகப்பட்டதாக அறிவிக்கிறது. விருந்தாளி உடனே, 'நீ யார்?' என்று கேட்கிறது. அக்கேள்வி வெளியே உள்ள மெய்க்கருவிக்குப் போய்ச் சேருகிறது. மெய்க்கருவியின் விடையே திரும்பி வருகிறது.

அது முதல் ஒவ்வொரு செய்தியும் இப்படியே பயணம் செய்யும். எக்ஸ்.பி.யிலுள்ள பழைய இயக்கி ஒரு வேண்டுகோளை எழுதுகிறது. செருகுவாய்போல நடிக்கும் நிரல் அதனை எடுத்து விருந்தோம்பியின் இயங்குதளத்திடம் கொடுக்கிறது. விருந்தோம்பி அதனை உண்மைச் சில்லின் வழியே கம்பியில் அனுப்புகிறது. விடை அதே பாதையில் மீள்கிறது. இடையிலுள்ளவர்கள் யாருக்கும் அச்செய்தியின் பொருள் தெரிய வேண்டியதில்லை. தபால்காரர் உறையைப் பிரித்துப் படிப்பதில்லை அன்றோ? இங்கேதான் பட்டறைக்கு நன்மை பிறக்கிறது. அந்தப் பழைய கம்பிக்குரிய இயக்கி புதிய கணினியில் இருக்க வேண்டிய தேவையே இல்லை. அதன் மொழி அறிந்தவர் உள்ளே இருக்கிறார், அது போதும். புதிய கணினிக்குத் தெரியாத மொழியைப் பழைய கணினி பேசுகிறது. ஊமையாய் நின்ற யந்திரம் மீண்டும் விடை சொல்கிறது.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு, கருவியையும் எழுதிய கிணறாக உள்ளேயே படைத்துவிடலாகாதா என்று உங்களுள் ஒருவர் கேட்கக்கூடும். சில கருவிகளுக்கு அது இயலும். சிலவற்றுக்கு இயலாது; இயலவும் கூடாது. விலையுயர்ந்த மென்பொருளோடு 'டாங்கிள்' என்னும் சிறு சாவிக் கருவி வரும். அது செருகப்படாவிடின் மென்பொருள் திறவாது; வாங்கியவர் நீங்கள்தாம் என்பதற்கு அதுவே சான்று. அதனினும் சிறந்த எடுத்துக்காட்டு மின்னணுக் கையொப்பக் கருவி. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு அளித்தது. இன்று அரசின் ஒப்பந்தப்புள்ளிகளை இணையவழி அனுப்பும் சிறு தொழிலதிபரும் அதைக் கையாள்கிறார். கையொப்பத்துக்குரிய இரகசிய எண் அந்தச் சிறு கருவிக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வருவதே இல்லை. ஆவணத்தின் சுருக்கக் குறியீட்டைக் கருவிக்குள் அனுப்பினால், கையொப்பமாக்கி அது திருப்பித் தரும். தன் இரகசியத்தைத் தராது.

இராமன் அனுமனிடம் கொடுத்தனுப்பிய கணையாழியை எண்ணிப் பாருங்கள். கணையாழியின் ஓவியத்தைச் சீதையிடம் காட்டியிருந்தால் அவள் நம்பியிருப்பாளா? அந்த மோதிரமே வர வேண்டியிருந்தது. படியெடுக்க முடியாமையே அதன் பெருமை. ஆதலால், லினக்ஸ் இயங்குதளத்தை விரும்பி நடத்தும் ஒருவரிடம், விண்டோஸுக்கென்றே இயக்கி செய்யப்பட்ட கையொப்பக் கருவி இருந்தால், விண்டோஸை விருந்தாளியாக அமர்த்தி, அக்கருவியை அதன் கையில் மெய்யாகவே கொடுப்பதே அவருக்கு வழி.

இனி, இவ்வழியிலுள்ள இடையூறுகளையும் கூறிவிட வேண்டும். முதலாவது, இரட்டையர் தொல்லை. கருவியின் நிறுவன எண்ணையும் வகை எண்ணையும் கொண்டு, 'இதனை விருந்தாளிக்குக் கொடு' என்று விதி எழுதுவது வழக்கம். பட்டறையில் ஒரேவகைக் கம்பிகள் இரண்டு இருந்தால், இரண்டுக்கும் அவ்வெண்கள் ஒன்றே. அழுத்தும் யந்திரத்தின் கம்பி என்று எண்ணித் துளையிடும் யந்திரத்தின் கம்பியைக் கொடுத்துவிட நேரலாம். அப்போது எந்தச் செருகுவாயில் இருக்கிறது என்பதைக் கொண்டோ, கருவிக்குத் தனி வரிசை எண் இருப்பின் அதைக் கொண்டோ விதி எழுத வேண்டும்; கம்பியிலும் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட வேண்டும்.

இரண்டாவது, வேடம் மாறும் தொல்லை. சில கருவிகள், தம்முள் பதிந்த நிரலைப் புதுப்பிக்கும்போது, இணைப்பைத் துண்டித்துக்கொண்டு வேறோர் எண்ணோடு மீண்டும் தோன்றும். கைப்பேசிகள் பலவும் இவ்வாறு செய்வதுண்டு. பழைய எண்ணுக்கு எழுதிய விதி புதிய எண்ணுக்குப் பொருந்தாது. விருந்தாளியின் பார்வையில் கருவி பாதி வேலையில் மறைந்துவிடும். வெளியே விருந்தோம்பியிடம் புதியவராய் நிற்கும். உள்ளே புகுந்த நிரல் அரைகுறையாய் நின்றால் கருவியே பயனற்றுப் போகலாம். இதற்கும் செருகுவாயைக் கொண்டு விதி எழுதுவதே பெரும்பாலும் மருந்து.

மூன்றாவது, காலத் தொல்லை. முதல் நெறிமுறையின்படி யூ.எஸ்.பி. தன் காலத்தை ஒரு மில்லிவிநாடிக் கூறுகளாகப் பிரித்துக்கொள்கிறது; இரண்டாம் நெறிமுறையின் விரைவிலோ அதில் எட்டில் ஒரு பங்கு. இடையில் பல கை மாறி வரும் செய்தி சிறிது தாமதமாகும். அச்சுப்பொறிக்கு அத்தாமதம் பொருட்டன்று. ஒலிவாங்கிக்கும் படக்கருவிக்கும் அது பொருட்டு. ஒலி விக்கும், படம் தயங்கும். விடைக்குக் குறித்த நேரமே காத்திருக்கும் சில பழைய மென்பொருள்கள், 'கருவி இல்லை' என்று கூறி நின்றுவிடும்.

இதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. ஒரு கருவியை மட்டும் கொடாமல், செருகுவாய்களை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லையே முழுமையாக விருந்தாளியிடம் ஒப்படைத்துவிடலாம். வீட்டுக்காரர் உட்கட்டுக்குத் தனி வாசலே வைத்துக் கொடுத்துவிடுவதைப் போன்றது இது. இடையில் கை மாறுதல் இல்லை. தாமதமும் மிகக் குறைவு. ஆனால், அந்தச் சில்லு தன் விருப்பப்படி கணினியின் நினைவகத்தில் எங்கும் எழுதவல்லது. விருந்தாளியின் ஏவலால் அது விருந்தோம்பியின் நினைவகத்தில் கைவைத்தால் யாவும் குலையும். அதனைத் தடுக்கும் காவல் வசதி கணினியிலேயே இருந்தாக வேண்டும். லினக்ஸில் இம்முறைக்குரிய ஒழுங்கான அமைப்பு 2012-இல் சேர்க்கப்பட்டது. அந்தச் சில்லின் எல்லாச் செருகுவாய்களும் விருந்தாளிக்கே உரியனவாகிவிடும் என்பதை மறவாதீர்கள். உங்கள் விசைப்பலகையும் அவற்றுள் ஒன்றில் இருந்தால், வெளிக்கணினியோடு நீங்கள் பேசும் வழி அடைபட்டுப் போகும்.

மற்றொரு வழி, யூ.எஸ்.பி. செய்திகளை வலையிணைப்பின்மேல் ஏற்றி அனுப்புவது. ஜப்பானில் நாரா மாகாண ஆராய்ச்சியாளர் தகஹிரோ ஹிரோபுச்சியும் அவருடைய துணைவர்களும் 2005-ஆம் ஆண்டு இதனை விளக்கினார்கள். கருவி ஓர் அறையிலும் கணினி மற்றோர் அறையிலும் இருக்கலாம். வசதி பெரிது, ஆனால் காலத் தொல்லையும் அதற்கேற்பப் பெரிது.

இதுகாறும் கூறியவை வேலை நடக்கும் வழிகள். இனி, எச்சரிக்கைகள் சில. ஒரு கருவிக்கு இரண்டு தலைவர்கள் இல்லை என்றேன். பென் டிரைவில் விருந்தோம்பி எதையோ எழுதிக்கொண்டிருக்கும்போது அதனைப் பிடுங்கி விருந்தாளியிடம் கொடுத்தால், எழுத்து பாதியில் நின்று கோப்புகள் சிதையும். முறைப்படி விடுவித்த பின்னரே கை மாற்ற வேண்டும். விருந்தோம்பியின் இயங்குதளமே தங்கியிருக்கும் வட்டையோ, உங்கள் ஒரே விசைப்பலகையையோ எண்ணாமல் கொடுத்துவிடாதீர்கள். அது தான் அமர்ந்த கிளையைத் தானே வெட்டுவதாகும்.

பாதுகாப்பும் ஒரு செய்தி. 2010-இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் நச்சுநிரல், பென் டிரைவ்களின் வழியே கணினிகளில் புகுந்து, பி.எல்.சி. பெட்டிகளின் ஆணைகளையே மாற்ற முயன்றது. மிகுதியாகத் தாக்குண்ட நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. பென் டிரைவ்போலத் தோன்றும் பொருள், தன்னை விசைப்பலகை என்று பொய்யாக அறிமுகம் செய்துகொள்ளவும் கூடும் என்பதை 2014-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 'ஐயத்துக்குரிய பென் டிரைவை விருந்தாளியிடம் கொடுத்துப் பார்க்கிறேன், எனக்கென்ன தீங்கு?' என்று சிலர் எண்ணுகிறார்கள். தெருவாசலில் முதலில் எதிர்கொள்பவர் வீட்டுக்காரரே என்பதை மறந்துவிடுகிறார்கள். விருந்தாளியிடம் போவதற்கு முன்னரே, 'நீ யார்?' என்னும் முதல் விசாரணை விருந்தோம்பியிடம் நடந்துவிடுகிறது. மேலும், பராமரிப்பு நின்றுபோன எக்ஸ்.பி.யை இணையத்தோடு இணைப்பது கூடாது. நல்ல வேளையாக, விருந்தாளியின் வலையிணைப்பைக் கழற்றிவிட ஒரு சொடுக்குப் போதும்.

எல்லாவற்றினும் முக்கியமான ஒன்றைக் கடைசியாக வைத்திருக்கிறேன். மெய்நிகர்க் கணினியின் தலைசிறந்த பண்பு, நடந்ததை நடவாததாக ஆக்க முடிவது. காலையில் அதன் நிலையை அப்படியே பதிந்து வைத்துக்கொண்டு, மாலையில் ஏதேனும் கெட்டுப்போனால், ஒரு கட்டளையால் காலை நிலைக்கே திரும்பலாம். நம் வாழ்வில் கிடைக்காத இந்த வரம் மாயக் கணினிக்கு உண்டு. அதனால்தான் அதில் அஞ்சாமல் சோதனை செய்கிறோம்; தவறு செய்தே கற்கிறோம்.

ஆனால், மெய்க்கருவி ஒன்றை அதன் கையில் கொடுத்த கணமே அந்த வரத்துக்கு எல்லை வந்துவிடுகிறது. விருந்தாளியின் உள்ளிருந்து பி.எல்.சி. பெட்டிக்குப் புதிய ஆணைத் தொடரை எழுதுகிறீர்கள். அதில் ஒரு பிழை. பதற்றத்தில் விருந்தாளியைக் காலை நிலைக்குத் திருப்புகிறீர்கள். திரையில் பழைய ஆணைத் தொடரே தெரிகிறது. மனம் ஆறுதல் அடைகிறது. வெளியே நிற்கும் யந்திரமோ புதிய, பிழையான ஆணையையே தாங்கி நிற்கிறது. திரை ஒன்று சொல்ல, இரும்பு வேறொன்று செய்யும். அந்த இரும்பின் அடியில் ஒரு தொழிலாளியின் கை இருக்கக்கூடும். அனுப்பிய கையொப்பமும் அத்தகையதே. விருந்தாளியைப் பின்னோக்கித் திருப்பினாலும், ஒப்பந்தப்புள்ளி போய்ச் சேர்ந்தது சேர்ந்ததுதான். திரைக்குள் நிகழ்ந்தது மீளும். திரைக்கு வெளியே நிகழ்ந்தது மீளாது.

ஆகவே, நம் படப்பைப் பட்டறையில் இவ்வேலையைச் செய்யப்போகும் இளைஞர் ஓர் ஒழுங்கை மேற்கொள்ள வேண்டும். பழைய கணினி இறப்பதற்கு முன்னரே, அதன் வட்டைப் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மாயக் கணினியைப் படைக்க அதுவே விதை. கம்பியை அடையாளம் கண்டு பெயரிட வேண்டும். யந்திரத்தின் மின்சாரத்தை முறைப்படி நிறுத்தி, யாரும் அருகில் இல்லை என்று தெரிந்த பின்னரே ஆணைகளை மாற்ற வேண்டும். பெட்டிக்கு மட்டும் மின்சாரம் இருந்தால் போதும். பெட்டிக்குள் இருக்கும் பழைய ஆணைத் தொடரை முதலில் படித்து வெளியே எடுத்துச் சேமிக்க வேண்டும்; எழுதுவது அதற்குப் பின்பே. எழுதி முடித்ததும் பெட்டியிலிருந்து மீண்டும் படித்து, திரையில் உள்ளதும் பெட்டியில் உள்ளதும் ஒன்றேதானா என்று ஒப்பிட வேண்டும். எல்லாம் முடிந்தபின் கருவியை விருந்தாளியிடமிருந்து முறைப்படி விடுவிக்க வேண்டும்.

இவற்றுள் பெருஞ்செலவு உடையது ஒன்றும் இல்லை. வேண்டுவது விழிப்பு ஒன்றே. இருபதாண்டு உழைத்த யந்திரம் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அதனை நம்பிய சில குடும்பங்கள் பிழைக்கும். உங்களுள் பலர் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் பயில்கிறீர்கள். நாளை ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ பணி ஏற்பீர்கள். மாயக் கணினியைக் கையாளும் கலை உங்களுக்கு எளிதில் வரும். அதன் கையில் ஒரு மெய்க்கருவியைக் கொடுக்கும்போது மட்டும் சற்று நின்று, கம்பியின் மறுமுனையில் இருப்பது யாது, அங்கே இருப்பவர் யார் என்று எண்ணிப் பார்த்த பின் கொடுங்கள்.